கர்லிங்: முதல் முறை ஐஸில் இறங்குகிறவர்களுக்கு

கர்லிங் என்பது, கனமான கல்லை ஐஸில் வழுக்கவிட்டு எதிர்முனையில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு அருகில் நிறுத்தும் அணி விளையாட்டு. முதல் நாள் கர்லிங் கிளப்புக்குப் போனபோது என்னிடம் யாரும் விதிகளைப் பற்றிப் பேசவில்லை. வாசலிலேயே ஒரு பெரியவர் நிறுத்தி, "ஷூவைத் திருப்புங்கள், அடிப்பக்கத்தைப் பார்க்கணும்" என்றார். ஒன்டாரியோவில் ஜனவரி மாதம். பார்க்கிங்கில் கொட்டியிருந்த உப்பும் மணலும் என் ஷூவின் பள்ளங்களில் அப்பிக்கொண்டிருந்தன. சுவரோரம் இருந்த பிரஷ்ஷைக் காட்டிவிட்டு அவர் போய்விட்டார். பத்து நிமிடம் தேய்த்தேன். அப்புறமும் திருப்தியில்லாமல், கிளப்பில் இருந்த வேறு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அன்றைக்குப் புரியவில்லை. ஒரே ஒரு மணல் துகள், இருபது கிலோ கல்லின் பாதையைத் திருப்பிவிடும் என்று பின்னால்தான் கண்ணால் பார்த்தேன். கர்லிங்கின் விதிகள் ஒரு மாலைப் பொழுதில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது ஐஸ். நேற்று ஆடிய ஐஸ் இன்றைக்கு இல்லை. முதல் அரை மணி நேரத்தில் இருந்தது கடைசி அரை மணி நேரத்தில் இல்லை. அதனால் விதிகளைச் சொல்லும்போதே ஐஸைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போகிறேன்.

கிளம்பும் முன்

உள்ளே குளிரும், ஆனால் தெருவில் இருக்கிற அளவுக்கு இல்லை. ஓடும் கல்லுக்கு முன்னால் ஐஸைப் பிரஷ்ஷால் கொஞ்ச நேரம் துடைத்தால் வியர்த்தே விடும். மெல்லிய உடைகளாக ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாதபோது கழற்றலாம். ஜீன்ஸ் வேண்டாம், தரையோடு தரையாக உட்கார்ந்து சறுக்க வேண்டும், இழுபடுகிற டிராக் பேன்ட்தான் சரி. நூல் உதிரும் கம்பளிக் கையுறையும் மஃப்ளரும் வேண்டாம். வெளியில் போட்டு நடக்காத ஒரு ஜோடி ஷூவைப் பையில் எடுத்துப் போங்கள். பிரஷ், ஸ்லைடர் போன்றவற்றைப் பெரும்பாலான கிளப்புகள் புதியவர்களுக்கு இரவலாகவே தரும். ஹெல்மெட்டோ தலைக்கான பட்டையோ கொடுத்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் பின்பக்கமாகத்தான்.

ஸ்லைடர் என்பது ஒரு காலில் மட்டும் மாட்டும் வழுக்கும் தகடு. டெஃப்லானில் செய்தது. மற்றக் காலில் ரப்பர் கிரிப்பர். வலதுகைக்காரர்களுக்கு இடது காலில் ஸ்லைடர், வலது காலில் கிரிப்பர். ஐஸுக்குள் போகும்போது கிரிப்பர் கால் முதலில், வெளியே வரும்போது ஸ்லைடர் கால் முதலில். "வலது காலை எடுத்து வைத்து உள்ளே வாம்மா" என்று நம் வீட்டில் சொல்வதை நினைத்துக்கொண்டால் மறக்காது. இடதுகைக்காரர்கள் மட்டும் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தளம் எப்படி இருக்கும்

ஆடும் நீண்ட பட்டைக்கு ஷீட் என்று பெயர். நீளம் 45.72 மீட்டர், அகலம் அதிகபட்சம் 5 மீட்டர். இரண்டு முனையிலும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். அதுதான் ஹவுஸ். வெளிவட்டத்தின் விட்டம் 12 அடி, அதற்குள் 8 அடி, அதற்குள் 4 அடி, நடுவில் பட்டன் என்கிற சின்ன வட்டம். இந்த அளவுகளை அடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆடுகளத்தில் எல்லோரும் "எட்டடியில் நிறுத்து", "நாலடிக்கு வரட்டும்" என்றுதான் பேசுவார்கள்.

குறுக்கே மூன்று கோடுகள் முக்கியம். பட்டனின் நடுவே போவது டீ கோடு. ஹவுஸின் பின்விளிம்பைத் தொட்டபடி இருப்பது பின்கோடு. ஹவுஸுக்கு முன்னால், டீ கோட்டிலிருந்து 6.4 மீட்டர் தள்ளி, தடிமனாக இருப்பது ஹாக் கோடு. மொத்தத் தகராறுக்கும் காரணம் இந்த ஹாக் கோடுதான். கல்லை விடுகிற முனையில் ஹாக் கோட்டை எட்டுவதற்குள் கல் உங்கள் கையை விட்டிருக்க வேண்டும். எதிர்முனையில் உள்ள ஹாக் கோட்டைக் கல் முழுசாகத் தாண்டியிருக்க வேண்டும்; கோட்டின்மேல் கொஞ்சம் தொட்டபடி நின்றாலும் கல் வெளியே. வழியில் ஆட்டத்தில் இருக்கும் வேறொரு கல்லில் மோதி நின்றதென்றால் மட்டும் விதிவிலக்கு. அதுபோல பின்கோட்டை முழுவதும் தாண்டினாலும், பக்கக் கோட்டைத் தொட்டாலும் வெளியேதான்.

பெரிய போட்டிகளில் கல்லின் கைப்பிடிக்குள் சென்சார் இருக்கும். சரியான நேரத்தில் விட்டால் பச்சை விளக்கு, தாமதித்தால் சிவப்பு. கிளப்பில் அதெல்லாம் கிடையாது. உங்கள் மனசாட்சிதான் விளக்கு.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகபட்ச எடை 19.96 கிலோ, அதாவது 44 பவுண்டு. ஒலிம்பிக் கற்களுக்கான கிரானைட், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரைக்கு அப்பால் இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்கிற குட்டித் தீவிலிருந்து வருகிறது. பார்க்கக் கனமாக உட்கார்ந்திருந்தாலும் கல்லின் அடிப்பாகம் முழுவதும் ஐஸைத் தொடுவதில்லை. பீங்கான் கிண்ணத்தைத் திருப்பினால் அடியில் ஒரு வளையம் இருக்குமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய வளையத்தின் மேல்தான் முழு எடையும் நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அப்புறம், கல்லைத் தூக்காதீர்கள். யாருமே தூக்குவதில்லை. தள்ளித்தான் நகர்த்துவார்கள், அடியைத் துடைக்கப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள்.

ஒரு எண்ட்

ஒரு அணிக்கு நான்கு பேர். லீட், செகண்ட், தேர்ட், நான்காமவர் என்று வரிசை. தேர்டைத்தான் பெரும்பாலும் வைஸ் என்பார்கள். அணித் தலைவரான ஸ்கிப்புக்கு அடுத்த பொறுப்பு. ஸ்கிப் பொதுவாக நான்காவது ஆள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கற்கள். இரண்டு அணிகளும் மாற்றி மாற்றி விடும். இரு லீட்களும் தங்கள் கற்களை முடித்த பிறகு செகண்ட், இப்படியே. மொத்தம் பதினாறு கற்கள் போனால் ஒரு எண்ட் முடிந்தது. அடுத்த எண்டில் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குத் திரும்ப விட வேண்டும். கிளப்பில் வழக்கமாக எட்டு எண்ட், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். உலகப் போட்டிகளிலும் ஒலிம்பிக்கிலும் ஆண்கள், பெண்கள் அணிகளுக்குப் பத்து எண்ட். யோசிக்க ஒரு அணிக்கு 38 நிமிடம். சமமாக முடிந்தால் கூடுதல் எண்ட்.

எண்ணுவது எளிது. பதினாறும் நின்ற பிறகு பட்டனுக்கு மிக அருகில் யார் கல் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டும்தான் புள்ளி. எதிரணியின் மிக அருகிலான கல்லை விட உள்ளே இருக்கும் உங்கள் கற்கள் எத்தனையோ அத்தனை. சிவப்பு, சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று நடுவிலிருந்து வெளியே வரிசையாக நின்றால் சிவப்புக்கு இரண்டு. நான்காவதாக நிற்கும் சிவப்புக்கு மதிப்பில்லை. ஹவுஸைத் தொடாத கல்லுக்கும் மதிப்பில்லை. தொடுகிறதா என்பதை மேலிருந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லின் வயிறு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், ஐஸில் படும் வளையம் வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் வயிறு கோட்டுக்கு மேலே நீண்டிருக்கலாம். அப்படியென்றால் அது உள்ளேதான். சந்தேகம் வந்தால் இரண்டு வைஸ்களும் குனிந்து பார்த்து ஒப்புக்கொள்வார்கள், முடியாவிட்டால் அளவுகோல் வரும். அவர்கள் பேசி முடிக்கும்வரை ஒரு கல்லையும் காலால் தள்ளிவிடாதீர்கள். ஆர்வக்கோளாறில் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான்.

எண்டின் கடைசிக் கல்லுக்கு ஹாமர் என்று பெயர். அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே சாதகம். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹாமரை இழக்கும். யாருமே எடுக்காவிட்டால் ஹாமர் இருந்தவரிடமே தங்கும். அதனால்தான் நல்ல அணிகள் ஹாமரோடு ஒரே ஒரு புள்ளி எடுப்பதை விரும்புவதில்லை. குறைந்தது இரண்டு புள்ளி எடு, இல்லையென்றால் கல்லை வேண்டுமென்றே வெளியே அனுப்பி எண்டைக் காலியாக விடு. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ஷஸ்டரின் அமெரிக்க அணியும் ஸ்வீடனும் 5-5 என்று சமமாக நின்றபோது, எட்டாவது எண்டில் ஷஸ்டர் தன் கடைசிக் கல்லால் ஸ்வீடனின் இரண்டு கற்களை ஒரே அடியில் வெளியேற்றினார். ஒரே எண்டில் ஐந்து புள்ளி. 10-7 என்று தங்கம் அமெரிக்காவுக்குப் போனது. ஹாமர் சும்மா ஒரு சலுகை இல்லை.

கல்லை விடுவது

ஹேக் என்பது ஐஸில் பதித்த ரப்பர் கால்பிடி. ஹாக் கோடு வேறு, ஹேக் வேறு, பெயர்தான் குழப்பும். வலதுகைக்காரர் நடுக்கோட்டுக்கு இடது பக்கம் இருக்கும் ஹேக்கில் வலது காலை ஊன்றுவார். இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, கல்லைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, கல் முன்னே போக ஆரம்பித்த பிறகு காலால் உந்த வேண்டும். வேகம் காலில் இருந்து வர வேண்டும், கையில் இருந்து அல்ல. முதல் நாள் எல்லோரும் கையால் தள்ளுவார்கள். நானும்தான். கல் ஹாக் கோட்டைக்கூடத் தாண்டாது, ஆள் மட்டும் முகம்குப்புற நீண்டு கிடப்பார்.

கல்லின் மேல் சாய்ந்து நிற்காதீர்கள். இன்னொரு கையில் இருக்கும் பிரஷ்தான் தாங்கல். கல்லைக் கையில் பிடித்திருப்பது ஒரு குழந்தையின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவது போல இருக்க வேண்டும், அதில் தொங்கக் கூடாது.

கைப்பிடியைத் திருப்புவது அடுத்தது. கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலதுகைக்காரர் கைப்பிடியைப் பத்து மணியில் வைத்து, விடும்போது பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தால் கல் வலஞ்சுழியாகச் சுற்றும், போகப் போக வலப்பக்கம் வளையும். இரண்டு மணியில் தொடங்கிப் பன்னிரண்டுக்கு வந்தால் இடஞ்சுழி, இடப்பக்கம் வளைவு. போய்ச் சேருவதற்குள் கல் இரண்டரை, மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். பம்பரம் போலச் சுற்றிவிட்டால் வளையாது. சுற்றே இல்லாமல் விட்டால் அது எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது.

இங்கே ஒரு வேடிக்கை. வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, மேசைமேல் வலஞ்சுழியாகச் சுற்றித் தள்ளிப் பாருங்கள். அது இடப்பக்கம் வளையும். கர்லிங் கல் அதற்கு நேர்மாறு. ஏன் என்பதில் இயற்பியல்காரர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நமக்குத் தேவை, அது வளைகிறது என்பது மட்டும்.

டீ கோட்டை எட்டுவதற்குள் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் நிறுத்தி, திரும்பப் போய் மறுபடி தொடங்கலாம். அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் கல் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டது. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு நீளமான கோல் உண்டு. நின்றபடியே கல்லைத் தள்ளலாம். பல கிளப்புகளில் எழுபது வயதுக்காரர்கள் அந்தக் கோலோடு வந்து நம்மைத் தோற்கடித்துவிட்டுப் போவார்கள்.

துடைப்பது

வீட்டில் யாராவது பார்த்தால் "இதை வீட்டில் செய்யேன்" என்பார்கள். என் மனைவியும் அதைத்தான் சொன்னார். ஆனால் வேலை வேறு. கல்லுக்கு முன்னால் அழுத்தித் தேய்க்கும்போது ஐஸின் மேற்பரப்பு ஒரு கணம் சூடாகி உராய்வு குறைகிறது. அதனால் கல் இன்னும் தூரம் போகும், வளைவும் குறையும். நன்றாகத் துடைக்கிற இருவர் ஒரு கல்லைக் கூடுதலாகச் சில மீட்டர் கொண்டுபோய்விடலாம். நின்றுவிட்ட கல்லை மட்டும் எதுவும் செய்ய முடியாது, அதனால் சந்தேகம் வந்தால் சீக்கிரமே தொடங்குங்கள்.

வேலைப் பிரிவினை இப்படி. வேகம் போதுமா என்று துடைப்பவர்கள் பார்க்க வேண்டும், கல்லோடு ஓடுகிறவர்களுக்குத்தான் அது தெரியும். பாதை சரியா என்று எதிர்முனையிலிருந்து ஸ்கிப் பார்ப்பார். அவர் கத்துகிற "ஹார்ட்", "ஹரி" எல்லாம் துடை என்பதற்கு. "வோ" என்றால் நிறுத்து. திட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கமிருந்து நீங்களும் பதிலுக்குக் கத்த வேண்டும், "வேகம் பத்தாது", "ஹவுஸுக்கு வந்துடும்" என்று.

விதி: உங்கள் கல்லை உங்கள் அணியினர் டீ கோட்டிலிருந்து டீ கோடு வரை துடைக்கலாம். எதிர்முனையின் டீ கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு அணிக்கு ஒருவர் மட்டும். அங்கே எதிரணியிலிருந்தும் ஒருவர் உங்கள் கல்லைத் துடைக்கலாம்; பின்கோட்டுக்கு வெளியே அனுப்பிவிடத்தான். 2015-ல் ஒரு வகைப் பிரஷ் துணியால் கல்லின் பாதையையே இஷ்டத்துக்குத் திருப்ப முடிகிறது என்று பெரிய சர்ச்சை வந்தது. அதற்குப் பிறகு போட்டிகளில் எந்தத் துணி அனுமதி என்பதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கிளப் பிரஷ்ஷில் நமக்கு அந்தக் கவலை இல்லை.

ஐந்து கல் விதி

ஹவுஸுக்கு முன்னால் காவலாக நிறுத்தும் கல்லுக்கு கார்டு என்று பெயர். இதை உடனே அடித்துத் தள்ள அனுமதித்தால் ஆட்டமே வெறும் இடித்தல் ஆகிவிடும், முன்னால் ஒரு புள்ளி எடுத்த அணி எல்லாவற்றையும் அடித்தே ஜெயித்துவிடும். அதனால் ஹாக் கோட்டுக்கும் டீ கோட்டுக்கும் இடையே, ஹவுஸைத் தொடாமல் நிற்கிற எதிரணிக் கல்லை, எண்டின் முதல் ஐந்து கற்களுக்குள் வெளியேற்றக் கூடாது. ஆறாவது கல்லிலிருந்து தாராளம். மீறினால், நீங்கள் விட்ட கல் எடுக்கப்படும், அவர்கள் கல் பழைய இடத்தில் வைக்கப்படும். ஹவுஸுக்குள் இருக்கும் கல்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் சொந்தக் கல்லுக்கும் கிடையாது. தொட்டு நகர்த்தலாம், ஆட்டத்துக்கு வெளியே அனுப்பத்தான் கூடாது.

எண்ணிப் பார்த்தால் ஆறாவது கல் ஹாமர் வைத்திருக்கும் அணியுடையது. முதலில் அடிக்கும் வாய்ப்பு அவர்களுக்கே. இந்த விதி சர்வதேசப் போட்டிகளில் 2018 முதல். சில கிளப்புகள் இன்னும் பழைய நான்கு கல் விதியிலேயே ஆடுகின்றன. நடுக்கோட்டைத் தொட்டபடி நிற்கும் எதிரணிக் கார்டை அந்த ஐந்து கற்களுக்குள் கோட்டை விட்டு நகர்த்தவே கூடாது என்று கூடுதல் விதி வைத்திருக்கும் போட்டிகளும் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

பிரஷ் பட்டுவிட்டால்

ஓடும் கல்லை உங்கள் பிரஷ்ஷோ ஷூவோ தொட்டுவிட்டால், கல் எரிந்துவிட்டது என்பார்கள். எதிர்முனையின் ஹாக் கோட்டுக்கு முன்பே என்றால் உங்கள் அணியே உடனே நிறுத்தி வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு என்றால் எல்லாக் கற்களும் நிற்கும்வரை பேசாமல் இருந்து, அப்புறம் சொல்ல வேண்டும். முடிவு எதிரணி ஸ்கிப்புடையது: கல்லை எடுத்து மற்றவற்றைப் பழைய இடத்தில் வைக்கலாம், அப்படியே விடலாம், அல்லது தொடாமல் இருந்திருந்தால் எங்கே நின்றிருக்குமோ அங்கே வைக்கலாம்.

முக்கியமான வார்த்தை "சொல்ல வேண்டும்". யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள். என் மூன்றாவது மாதத்தில், சமநிலையில் இருந்த கடைசி எண்டில், எங்கள் வைஸின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலடி வட்டத்துக்குள் நுழையும்போது என் பிரஷ்ஷின் விளிம்பு கல்லில் லேசாக உரசியது. கையில் சின்னதாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். கூட ஓடியவருக்கே தெரியவில்லை. கல் பட்டனில் அழகாக உட்கார்ந்தது, ஸ்கிப் கையைத் தூக்கிக் குதித்தார். இரண்டு விநாடி நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு விநாடி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம், "நான் தொட்டுட்டேன்" என்றேன். எதிரணி ஸ்கிப் நடந்து வந்து எங்கே, எவ்வளவு என்று கேட்டார். "அதனால் ஒன்றும் மாறியிருக்காது, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். பிறகு தன் கடைசிக் கல்லால் அதை அடித்து வெளியேற்றி ஜெயித்தார், அது வேறு விஷயம்.

இதே நாகரிகத்தில் சேர்ந்தவை: எதிரணி விடும்போது அசையாமல், பேசாமல், ஓரமாக ஹாக் கோடுகளுக்கு நடுவே நிற்பது. ஹவுஸுக்குப் பின்னால் ஸ்கிப்பும் வைஸும் மட்டும் நிற்பது. எதிரணியின் தவறான கல்லுக்குக் கைதட்டாமல் இருப்பது. மீள முடியாத அளவுக்குப் பின்தங்கிவிட்டால், எண்டுகள் மிச்சமிருந்தாலும் கை கொடுத்து முடித்துக்கொள்ளலாம்; அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஐஸைப் படிப்பது

இனி ஷூ விஷயத்துக்கு வருவோம். கர்லிங் ஐஸ் கண்ணாடி போல வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் ஐஸ்காரர் முதுகில் தொட்டியும் கையில் பூவாளி மாதிரி குழாயுமாகப் பின்னோக்கி நடந்துகொண்டே வெந்நீர்த் துளிகளைத் தூவுவார். விழுந்த துளி உறைந்து சின்னச் சின்னப் புடைப்பாகிவிடும். அதுதான் பெபிள். தளத்தின் மேல் கேழ்வரகைத் தூவி உறைய வைத்தது போல இருக்கும். பிறகு ஒரு பிளேடை ஓட்டி அவற்றின் நுனியைச் சீவிவிடுவார். கல்லின் அந்த மெல்லிய வளையம் இந்தப் புடைப்புகளின் தலைமேல்தான் போகிறது. பெபிள் இல்லாத ஐஸில் கல் பாதி வழியில் நின்றுவிடும், பவுடர் போடாத கேரம் போர்டு மாதிரி.

ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு துடைப்பும் இந்தப் புடைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது. அதனால் பெரும்பாலும் முதல் இரண்டு எண்டுகளில் ஐஸ் மெதுவாக இருக்கும், அப்புறம் வேகமெடுக்கும். அதிகம் பேர் விடும் நடுப்பாதை வேகமாகவும், யாரும் போகாத ஓரங்கள் மெதுவாகவும் ஆகும். ஆட்டத்தின் கடைசியில் புடைப்புகள் தட்டையாகிவிட்டால் மறுபடி கனக்கத் தொடங்கும். கதவைத் திறந்து திறந்து மூடி ஈரக்காற்று உள்ளே வந்தால் ஐஸ்மேல் உறைபனி படியும், கல் சேற்றில் போவது போலப் போகும். மேற்பரப்பு ஏறக்குறைய மைனஸ் 5 டிகிரியில் இருக்கும். அதில் கொஞ்சம் மாறினாலும் கல்லில் தெரியும்.

ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்டால் தலை சுற்றும். "இன்னைக்கு இருபத்திநாலு செகண்ட் ஐஸ், நல்ல வேகம்" என்பார்கள். இருபத்தொன்றுதானே வேகம் என்று நமக்குத் தோன்றும். இல்லை. அளப்பது இதுதான்: விடும் முனையின் ஹாக் கோட்டிலிருந்து எதிர்முனை டீ கோட்டில் வந்து நிற்கும் கல்லுக்கு எத்தனை விநாடி. வழுக்கலான ஐஸில் மெல்லத் தள்ளினாலே கல் டீ கோட்டுக்குப் போய்விடும், மெல்லத் தள்ளியது மெல்லத்தான் போகும், அதனால் விநாடி கூடும். கனத்த ஐஸில் ஓங்கித் தள்ள வேண்டும், கல் விரைந்து போய்ச் சட்டென்று நிற்கும், விநாடி குறையும். எண் பெரிதாக இருந்தால் உங்கள் காலுக்கு வேலை குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவையும் படிக்க வேண்டும். ஒரு மீட்டர், சில தளங்களில் அதற்கும் மேல் கல் வளையும். அதனால் ஸ்கிப் தன் பிரஷ்ஷைக் கல் போய் நிற்க வேண்டிய இடத்தில் பிடிக்க மாட்டார், வளைவைக் கழித்துத் தள்ளிப் பிடிப்பார். இதற்கு "ஐஸ் கொடுப்பது" என்று பெயர். நீங்கள் இலக்கைப் பார்க்காதீர்கள், அந்தப் பிரஷ்ஷைப் பாருங்கள். புதியவர்கள் பாதி வழியில் இலக்கு ஆசையில் கையைத் திருப்பிவிடுவார்கள், கல் ஹவுஸையே தாண்டிக் குறுக்கே போய்விடும். வேகமான கல் குறைவாக வளையும், மெதுவான கல் அதிகம் வளையும், அதுவும் பெரும்பாலான வளைவு கடைசி சில மீட்டரில்தான்.

படிக்கப் பழகும் வழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. முதல் எண்டில் உங்கள் முறை முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல், எதிரணியின் கல் எந்தப் பக்கச் சுழியில் எந்தப் பாதையில் எவ்வளவு வளைந்தது என்று பாருங்கள். அவர்கள் உங்களுக்காக இலவசமாகச் சோதித்துக் காட்டுகிறார்கள். வலஞ்சுழியும் இடஞ்சுழியும் ஒரே மாதிரி வளையாது. தளத்தில் லேசாகச் சரிவான இடங்கள் இருக்கும். அங்கே கல் எதிர்ப்பக்கமே நழுவும். எங்கள் கிளப்பின் ஓரத்து ஷீட்டில் அப்படி ஒரு இடம் உண்டு, பழையவர்கள் அதைப் பற்றி எதிரணியிடம் மூச்சு விட மாட்டார்கள்.

ஐஸைக் கெடுக்காமல் இருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. கல்லை விட்டபின் முழங்காலையோ உள்ளங்கையையோ ஐஸில் ஊன்றி இளைப்பாறாதீர்கள். உடல் சூட்டில் பெபிள் உருகிக் குழி விழும், இருபது நிமிடம் கழித்து யாரோ ஒருவருடைய கல் அங்கே தடுமாறும். ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன் கல்லைச் சாய்த்து அடியைத் துடையுங்கள். பிரஷ்ஷிலிருந்து விழும் ஒரு இழை, கையுறையிலிருந்து ஒரு நூல், ஒரு தலைமுடி, ஷூவிலிருந்து ஒரு மணல் துகள், எதுவானாலும் அந்த வளையத்துக்கு அடியில் மாட்டினால் கல் திடீரென்று மடங்கித் திரும்பும். நன்றாக வந்துகொண்டிருந்த கல் ஒன்று கண்முன்னே அப்படித் திரும்பி எங்கள் கார்டிலேயே போய் இடித்தது. எடுத்துப் பார்த்தால் சிவப்பு நிறக் கம்பளி நூல். அன்றைக்குச் சிவப்பு மஃப்ளர் கட்டியிருந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்கோர் போர்டு

கனடா கிளப்புகளில் தொங்கும் பலகையைப் பார்த்து நான் இரண்டு வாரம் விழித்தேன். நடுவில் 1, 2, 3 என்று அச்சிட்டிருப்பது எண்ட் இல்லை, மொத்தப் புள்ளி. ஆணியில் மாட்டும் அட்டைதான் எண்ட் எண். சிவப்பு முதல் எண்டில் இரண்டு எடுத்தால், சிவப்பு வரிசையில் 2-க்கு மேல் "1" அட்டையை மாட்டுவார்கள். இரண்டாவது எண்டில் மஞ்சள் ஒன்று எடுத்தால், மஞ்சள் வரிசையில் 1-க்குக் கீழே "2" அட்டை. மூன்றாவதில் சிவப்பு மூன்று எடுத்தால் மொத்தம் ஐந்து, அதனால் 5-க்கு மேல் "3". யாருமே எடுக்காத எண்டின் அட்டையை ஓரத்தில் ஒதுக்கி மாட்டுவார்கள். வரிசையில் கடைசியாகத் தொங்கும் அட்டை எந்த எண்ணுக்கு நேரே இருக்கிறதோ அதுதான் அந்த அணியின் மொத்தம்.

முடிந்த பிறகு

எதிரணியின் நான்கு பேருக்கும் கை கொடுங்கள். "குட் கர்லிங்" என்பது வழக்கம். அப்புறம் உடனே வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு ஒரு பானம் வாங்கித் தருவது பழைய பழக்கம். மது வேண்டாம் என்றால் காபி சொல்லுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். விதிகளில் புரியாததைக் கேட்க அந்த மேசைதான் சரியான இடம். இப்போது நான் எழுதியதில் பாதி அங்கே கேட்டதுதான்.

போகும்போது கிரிப்பரைக் கழற்றித் துடைத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவையுங்கள். மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது ஒரு தொடை மட்டும் வலிக்கும், ஸ்லைடர் போட்ட கால். இரண்டு நாளில் சரியாகிவிடும்.